சிவப்புச் சாவியும் கறுப்புச் சாவியும்



அமெரிக்காவின் டாட்ஜ் நிறுவனம் 2015ஆம் ஆண்டு மாடலாகச் சேலஞ்சர் ஹெல்கேட் என்னும் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதனுடன் இரு நிறச் சாவிகளை வழங்கியது. ஒன்று கறுப்பு, மற்றொன்று சிவப்பு. கறுப்புச் சாவியைக் கொண்டு ஓட்டினால் எஞ்சின் 500 குதிரைத்திறனைத் தாண்டாது. சிவப்புச் சாவியை எடுத்தால் 707 குதிரைத்திறன் முழுவதும் ஓட்டுநரின் காலடிக்கு வந்துவிடும். கார் ஒன்றே, எஞ்சினும் ஒன்றே. எந்தச் சாவியை எடுக்கிறோம் என்பது மட்டுமே வேறுபாடு.

மஸில் கார் என்று அழைக்கப்படும் இவ்வகை வாகனங்களின் மீது ஆர்வம் கொண்டோர் இன்று நம் சமுதாயத்திலும் பலர் உள்ளனர். குறிப்பாக வளைகுடா நாடுகளில் பணிபுரியும் நம் இளைஞர்களின் கண்முன்னே மஸ்டாங்கும் சேலஞ்சரும் சார்ஜரும் நாள்தோறும் ஓடிக்கொண்டிருக்கின்றன. புதிய மாடல் வெளிவந்தால் குதிரைத்திறன் எவ்வளவு, கியர் மேனுவலா ஆட்டோமேட்டிக்கா, எட்டு சிலிண்டர் எஞ்சின் நீடிக்குமா, மின்சாரக் கார் மஸில் கார் ஆகுமா என்று அவர்கள் எடைபோடுகின்றனர். எடைபோடுவதில் குற்றமில்லை. ஆனால் எந்தத் தராசில் எடைபோடுகிறோம் என்பதை நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

எண்களின் போட்டி

இந்தப் போட்டி இன்று நேற்றுத் தொடங்கியதன்று. 1964ஆம் ஆண்டு மாடலாக வந்த பாண்டியாக் ஜிடிஓ காரையே பலரும் இவ்வகையின் தொடக்கமாகக் கருதுகின்றனர். நடுத்தர அளவுள்ள கார்களில் 330 கன அங்குலத்திற்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குத்தானே ஒரு விதியை வகுத்திருந்தது. பாண்டியாக் பொறியாளர்கள் 389 கன அங்குல எஞ்சினைத் தனி மாடலாக அறிவிக்காமல், வாங்குவோர் விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் தொகுப்பாக வைத்து அவ்விதியைத் தாண்டினர். 325 குதிரைத்திறன் கொண்ட அந்தக் கார் இளைஞர்களைக் கவர்ந்தது. போட்டி நிறுவனங்கள் ஒவ்வொன்றும் அதை மிஞ்ச முற்பட்டன.

பின்னர் காப்பீட்டுக் கட்டண உயர்வு, 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம், 1973ஆம் ஆண்டு அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடை ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து அந்த யுகத்தை முடித்துவைத்தன. எனினும் இந்த நூற்றாண்டில் அது மீண்டும் எழுந்தது. 2018ஆம் ஆண்டின் சேலஞ்சர் டீமன் பந்தய எரிபொருளில் 840 குதிரைத்திறன் தந்தது. 2023ஆம் ஆண்டின் டீமன் 170 எத்தனால் மிகுந்த எரிபொருளில் 1,025 குதிரைத்திறனை எட்டியது. சாதாரணச் சாலையில் ஓட்டும் உரிமத்துடன் விற்கப்பட்ட கார் இது. ஜிடிஓவின் வலுவோடு ஒப்பிட்டால் மும்மடங்குக்கும் அதிகம். ஆனால் அந்த வலுவைக் கையாளும் மனிதனின் கண்ணும் காலும் 1964இல் இருந்தவாறே இருக்கின்றன.

ஆசை குற்றமா?

நல்ல வாகனத்தை விரும்புவதே தவறு என்று சில பெரியவர்கள் கருதுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் கழுதைகளையும் நாம் ஏறிச் செல்வதற்காக மட்டுமின்றி அலங்காரமாகவும் படைத்ததாக அல்லாஹ் திருமறையில் குறிப்பிடுகின்றான் (16:8). நாம் அறியாதவற்றையும் அவன் படைப்பதாக அதே வசனம் கூறுகிறது. வாகனத்தின் அழகை ரசிக்கும் உள்ளத்தை மார்க்கம் பழிக்கவில்லை.

வேகப் போட்டியையும் மார்க்கம் முற்றாக விலக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியதை இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். அவர்களே அப்பந்தயத்தில் கலந்துகொண்டவர்கள். அந்த ஹதீஸைக் கூர்ந்து படித்தால் ஒரு நுட்பம் புலப்படும். பந்தயத்திற்கென்று மெலியவைத்துப் பயிற்றுவிக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரையிலான நீண்ட தூரம் குறிக்கப்பட்டது. அது ஐந்து அல்லது ஆறு மைல் என்று அறிவிப்பாளர் ஒருவர் விளக்குகிறார். பயிற்சி பெறாத குதிரைகளுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஏறத்தாழ ஒரு மைல் மட்டுமே வைக்கப்பட்டது (புகாரி). அதாவது, பந்தயத்திற்கு இடம் குறிக்கப்பட்டது, எல்லை வகுக்கப்பட்டது, பயிற்சிக்கேற்ற அளவும் நிர்ணயிக்கப்பட்டது. மதீனாவின் கடைத்தெருவில் எவரும் நினைத்த நேரத்தில் குதிரையை விரட்டியதாக அது இல்லை.

அழகிய ஆடையையும் காலணியையும் விரும்புவது பெருமையாகுமா என்று ஒருவர் கேட்டபோது, அல்லாஹ் அழகன், அழகை விரும்புகிறான் என்றும், பெருமை என்பது உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே என்றும் நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள் (முஸ்லிம்). நம்முடைய தராசின் முள் இங்கேதான் இருக்கிறது. காரின் விலையோ நிறமோ அன்று, சாலையில் உடன்செல்லும் மற்றவரை நாம் எவ்வாறு கருதுகிறோம் என்பதே கேள்வி.

ஒரே காரில் இரண்டு வசதிகள்

இந்தத் தராசைக் கொண்டு புதிய கார்களின் வசதிகளை எடைபோட்டுப் பார்ப்போம். ஃபோர்டு நிறுவனம் 2018ஆம் ஆண்டு மஸ்டாங்கில் நல்ல அண்டைவீட்டார் முறை என்னும் பெயரில் ஒரு வசதியை அளித்தது. அதிகாலையில் காரை இயக்கும்போது சைலன்சரின் உறுமலைத் தணித்துவைக்கும் ஏற்பாடு அது. எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை ஒலி அடங்கியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே அமைத்துவிடலாம். 2024ஆம் ஆண்டின் புதிய மஸ்டாங்கில் அதே நிறுவனம் வேறொரு வசதியைச் சேர்த்தது. காருக்குள் ஏறாமல், தொலைவில் நின்றபடியே சாவியிலுள்ள பொத்தானை அழுத்தி எஞ்சினை உறுமச் செய்யலாம்.

முதல் வசதி ஒலியைத் தேவைப்படாத நேரத்தில் அடக்குகிறது. இரண்டாவது, எங்கும் செல்லாத காரிலிருந்து பிறர் திரும்பிப் பார்ப்பதற்காகவே ஒலியை எழுப்புகிறது. இரண்டையும் ஒரே நிறுவனத்தின் பொறியாளர்கள்தாம் உருவாக்கினர். எதைப் பயன்படுத்துவது என்பது வாங்குபவரின் உள்ளத்தைப் பொறுத்தது. எவனுடைய தீங்கிலிருந்து அவனுடைய அண்டைவீட்டார் பாதுகாப்புப் பெறவில்லையோ அவன் இறைநம்பிக்கையாளன் அல்லன் என்று நபி (ஸல்) அவர்கள் மும்முறை சத்தியமிட்டு எச்சரித்துள்ளார்கள் (புகாரி). ஃபஜ்ருத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குச் செல்பவரின் கார், உறங்கும் குழந்தைகளையும் நோயாளிகளையும் திடுக்கிட வைக்குமானால், அவர் தேடிச் சென்ற நன்மையோடு எதைச் சுமந்து திரும்புகிறார்?

லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்கு நடையில் நடுநிலையையும் குரலில் தாழ்வையும் கற்பித்தார்கள். குரல்களில் மிகவும் வெறுக்கத்தக்கது கழுதையின் குரலே என்றும் சொன்னார்கள் (31:19). வலு குறைந்த விலங்கும் உரத்த குரல் எழுப்பிவிட முடியும் என்பதை நாம் அறிவோம். டாட்ஜ் நிறுவனத்தின் மின்சாரச் சார்ஜர் டேடோனாவுக்கு இயல்பில் உறுமல் கிடையாது. எனவே பழைய ஹெல்கேட்டுக்கு இணையாக 126 டெசிபல் வரை செயற்கை ஒலி எழுப்பும் கருவியை அதில் அமைத்திருப்பதாக நிறுவனம் அறிவித்தது. மௌனம் இயல்பாகவே வாய்த்த ஓர் இயந்திரத்திற்கு, செலவு செய்து இரைச்சலைக் கற்றுக்கொடுத்துள்ளனர். எஞ்சினின் இசையை ரசிப்போரின் மனத்தை நாம் புரிந்துகொள்கிறோம். ஆனால் அந்த ரசனைக்கான விலையைத் தெருவிலுள்ளோர் அனைவரும் செலுத்த வேண்டும் என்பது நியாயமாகாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் இரைச்சல் மிகுந்த வாகனத்திற்கு 2,000 திர்ஹம் அபராதமும் 12 கரும்புள்ளிகளும் விதிக்கப்படுவது இதனாலேயே.

ஒரு டாலர் இருக்கை

வசதிகளைச் சேர்ப்பதைப் பார்த்தோம். வலுவுக்காக நீக்கப்பட்டவற்றையும் பார்க்க வேண்டும். 2018ஆம் ஆண்டின் டீமன் காரில் எடையைக் குறைப்பதற்காக ஓட்டுநரின் இருக்கை ஒன்று மட்டுமே இயல்பாக இருந்தது. பக்கத்து இருக்கை வேண்டுமெனில் ஒரு டாலர், பின்னிருக்கை வேண்டுமெனில் மேலும் ஒரு டாலர் கொடுத்துப் பெறலாம். விளம்பர நோக்கிலான வேடிக்கை விலைதான். எனினும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. வலு ஒன்றே இலக்காகும்போது முதலில் வெளியேற்றப்படுவது உடன் வருபவருக்கான இடம்.

பயணத்தில் அன்ஜஷா என்னும் ஒட்டகமோட்டி பாடி ஒட்டகங்களை விரைவுபடுத்தினார். அவற்றின் மீது பெண்கள் அமர்ந்திருந்தனர். அவர்களைக் கண்ணாடிக் குடுவைகளுக்கு ஒப்பிட்டு, மெதுவாக ஓட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் அன்ஜஷாவுக்குச் சொன்னார்கள் (புகாரி, முஸ்லிம்). ஒட்டகத்தின் ஆற்றலைப் பற்றி அங்கு எவருக்கும் ஐயமில்லை. ஆனால் வேகத்தைத் தீர்மானித்தது ஒட்டகத்தின் திறனன்று, அதன்மேல் அமர்ந்திருந்தவர்களின் மென்மை. மனைவியும் வயது முதிர்ந்த தாயும் அமர்ந்திருக்கும் காரில் வேகத்தை முடிவுசெய்ய வேண்டியவர்கள் அவர்களே. கியரைப் பிடித்திருக்கும் கை அந்த முடிவை நிறைவேற்றினால் போதும்.

கணக்கு சொல்லும் உண்மை

கார் கொல்வதில்லை, ஓட்டுபவனே கொல்கிறான் என்று ஆர்வலர்கள் வாதிடுவர். அதில் உண்மை உண்டு. ஆனால் அந்த வாதம் பொறுப்பைக் குறைக்கவில்லை, முழுவதையும் ஓட்டுநரின் தலையில் ஏற்றுகிறது. வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் 33 மீட்டரைக் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு காலைப் பிரேக்கில் வைக்க ஒன்றரை நொடி ஆகுமெனில், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 50 மீட்டர் கடந்துவிடும். 300 குதிரைத்திறனாயினும் 700 குதிரைத்திறனாயினும் இந்த 50 மீட்டர் மாறுவதில்லை.

புதிய மஸ்டாங்கில் 13.2 அங்குலத் தொடுதிரை இருக்கிறது. குளிரூட்டியைக் கூட்டவும் குறைக்கவும் அதையே தொட வேண்டியுள்ளதால், பழைய திருகுகளே மேல் என்று ஆர்வலர்கள் பலர் குறைகூறினர். இந்தக் குறையை நாமும் ஏற்கிறோம். மேற்சொன்ன வேகத்தில் இரண்டு நொடி கண்ணைத் திரையில் வைத்தால் 66 மீட்டர் பார்வையின்றி ஓடுகிறோம். எனவே புதிய வசதி அனைத்தும் முன்னேற்றமாகிவிடாது.

உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11.9 இலட்சம் பேர் சாலை விபத்துகளில் இறக்கின்றனர் என உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. 5 முதல் 29 வயது வரையிலானோரின் இறப்புக்கு இதுவே முதன்மைக் காரணம். ஓர் உயிரைக் காத்தவர் மனித குலம் முழுவதையும் காத்தவரைப் போன்றவர் என்று கற்பிக்கும் மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், இந்த எண்ணைக் குதிரைத்திறன் எண்ணைவிடக் குறைவாக நினைவில் வைத்திருக்கலாமா?

அரஃபாவிலிருந்து புறப்பட்டபோது பின்னால் ஒட்டகங்களை அடித்து விரட்டும் இரைச்சலைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், அமைதியைக் கடைப்பிடிக்குமாறும், விரைந்தோட்டுவதில் நன்மை இல்லை என்றும் மக்களுக்கு உணர்த்தினார்கள் (புகாரி). ஹஜ்ஜின் பயணத்திலேயே விரைவு நன்மையாகவில்லை எனில், விளக்குக் கம்பத்துச் சந்திப்பில் அடுத்த காரை முந்துவதில் என்ன சிறப்பு?

வளைகுடாவில் நாம் காண்பது

அமெரிக்காவில் பிறந்த இந்தக் கார்கள் வளைகுடாவில் அரை விலைக்கும் கிடைக்கின்றன. காரணம், அமெரிக்காவில் விபத்துக்குள்ளாகி, காப்பீட்டு நிறுவனங்கள் கைவிட்டவை பல கப்பலேறி வந்து, பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் சந்தையில் நிற்கின்றன. ஊருக்குப் பணம் அனுப்பியதுபோக மிச்சம் பிடித்த ஓர் இளைஞர், பட்ஜெட்டுக்குள் 480 குதிரைத்திறன் கிடைக்கிறதே என்று அதை எடுக்கிறார். உயிர்காக்கும் காற்றுப்பை மாற்றப்பட்டதா, அடிச்சட்டம் நேராக இருக்கிறதா என்று எத்தனை பேர் பார்க்கின்றனர்? குதிரைத்திறனைப் பேசும் அதே ஆர்வத்துடன் இவற்றையும் விசாரிக்க வேண்டும். விற்பவரும் விபத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். நனைந்த தானியத்தை அடியில் மறைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்கள் என்பதை நாம் அறிவோம்.

சவூதி அரேபியாவில் தஃப்ஹீத் எனப்படும் சறுக்கல் விளையாட்டு பொதுச்சாலைகளில் பல இளைஞர்களின் உயிரைக் குடித்துள்ளது. முதல்முறை பிடிபட்டாலே 20,000 ரியால் அபராதமும் 15 நாள் வாகனப் பறிமுதலும் விதிக்குமளவுக்கு அரசு சட்டத்தைக் கடுமையாக்கியது. இப்போது மஸ்டாங்கிலேயே பின்சக்கரங்களைச் சறுக்கவிட உதவும் தனிப் பிரேக் வருகிறது. இத்தகைய வசதிகள் பந்தயத் தடத்திற்கு மட்டுமே உரியவை என நிறுவனம் எச்சரித்துவிடுகிறது. அந்த எச்சரிக்கை சட்டத்தின் முன் நிறுவனத்தைக் காக்கலாம். மறுமையில் நம்மைக் காக்காது. தடத்திற்குரியதைத் தடத்திலேயே வைத்துக்கொள்வதுதான் ஹஃப்யாவின் பாடம்.

மூவகை மனிதர்கள்

குதிரை மூன்று வகை மனிதர்களிடம் மூன்று வகையாக இருக்கிறது என நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். ஒருவருக்கு அது நற்கூலி. இன்னொருவருக்கு அது வறுமையை மறைக்கும் திரை, அவர் அதில் அல்லாஹ்வின் உரிமையை மறக்கவில்லை. மூன்றாமவருக்கு அது பாவச்சுமை, பெருமைக்காகவும் பகட்டுக்காகவும் அதை வைத்திருப்பவர் அவர் (புகாரி). குதிரை மாறவில்லை, நிய்யத் மாறியது.

இதை நம் நடைமுறைக்குக் கொண்டுவரலாம். சொந்தப் பயன்பாட்டுக்கான காருக்கு ஜகாத் இல்லை. ஆனால் அதை வாங்குவதற்காகச் சேர்த்துவைக்கும் பணம் நிஸாபை எட்டி ஓராண்டு கடந்தால் ஜகாத் உண்டு. கார் வாங்கத்தானே என்று அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவது அல்லாஹ்வின் உரிமையை மறப்பதாகும். வட்டிக் கடனில் வாங்கிய 500 குதிரைத்திறனைவிட, கையிலுள்ள பணத்தில் வாங்கிய 150 குதிரைத்திறன் ஒரு முஃமினை எளிதாகச் சுமக்கும். கடனைத் தீர்க்காமல், தங்கையின் படிப்புக்கு அனுப்ப வேண்டியதை நிறுத்திவைத்து வாங்கும் கார், எவ்வளவு அழகாயினும் செலவில் நடுநிலை பேணும் அடியார்களின் பண்புக்கு (25:67) ஒத்ததன்று.

உயர்ந்தது தாழும்

நபி (ஸல்) அவர்களிடம் அள்பா என்றொரு ஒட்டகம் இருந்தது. எதுவும் அதை முந்தியதில்லை. ஒருநாள் கிராமவாசி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். நபித்தோழர்களுக்கு அது வருத்தமளித்தது. இவ்வுலகில் உயரும் எதையும் தாழ்த்துவது அல்லாஹ் தன்மீது விதித்துக்கொண்ட நியதி என நபி (ஸல்) அவர்கள் அவர்களுக்கு உணர்த்தினார்கள் (புகாரி). தம் ஒட்டகம் தோற்றதில் அவர்கள் வருந்தவில்லை, பாடம் கண்டார்கள்.

இதே நியதியை இங்கும் காண்கிறோம். 2023 டிசம்பரில் சேலஞ்சரின் உற்பத்தி நின்றது. அதே மாதத்தில் செவ்ரோலே கமாரோவின் உற்பத்தியும் நின்றது. 1,025 குதிரைத்திறனின் உச்சியில் ஏறிய ஆண்டிலேயே சேலஞ்சர் இறங்கிவிட்டது. நம் மதிப்பை இத்தகைய எண்ணில் கட்டிவைத்தவர், அடுத்த மாடல் வரும் நாளில் மதிப்பிழந்து நிற்பார்.

சாவியை யார் கையில் கொடுப்பது?

ஃபோர்டு கார்கள் பலவற்றில் மைகீ என்றொரு வசதி உள்ளது. பெற்றோர் தம் பிள்ளைக்குக் கொடுக்கும் சாவியில் உச்ச வேகத்திற்கும் பாட்டொலிக்கும் வரம்பு வைக்கலாம். அந்தச் சாவியைக் கொண்டு ஓட்டுபவர், சறுக்காமல் காக்கும் கருவியை அணைக்க இயலாதவாறும் செய்யலாம். விளம்பரங்களில் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நாமோ இதையே சிறந்த வசதிகளுள் ஒன்றாகக் கருதுகிறோம். எனவே கார் வாங்க எண்ணும் சகோதரர்களுக்கு நம் பரிந்துரை இதுதான்: பிரேக்கின் தரம், டயரின் நிலை, தானாக நிறுத்தும் கருவி, குழந்தை இருக்கைக்கான பிணைப்பு ஆகியவற்றை முதலில் எழுதிவிட்டு, கடைசி வரியில் குதிரைத்திறனை எழுதுங்கள். பந்தய ஆசை இருப்பின் துபாய் ஆட்டோட்ரோம் போன்ற முறையான தடங்களில், தலைக்கவசத்துடன், பயிற்சியாளரின் கண்காணிப்பில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவர் வலிமையாளர் அல்லர், சினத்தின்போது தம்மை அடக்குபவரே வலிமையாளர் என்பது நபிமொழி காட்டும் இலக்கணம் (புகாரி, முஸ்லிம்). சிவப்புச் சாவியின் 707ஐயும் ஒரு பாதத்தின் அழுத்தத்தால் பெற்றுவிடலாம். பக்கத்துக் கார்காரர் சீண்டும்போது பாதத்தை உயர்த்திக்கொள்வதற்கு வேண்டிய திறனை எந்தத் தொழிற்சாலையும் தயாரிப்பதில்லை.

வாகனத்தில் அமரும்போது நாம் ஓதும் துஆவின் பொருளைச் சற்றே நினைத்துப் பாருங்கள். இதை வசப்படுத்தும் ஆற்றல் நமக்கில்லை, வசப்படுத்தித் தந்தவன் அவனே, அவனிடமே நாம் திரும்பிச் செல்பவர்கள் என்று அறிக்கையிடுகிறோம் (43:13, 14). எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் ஒவ்வொரு பயணத்தின் இறுதி நிறுத்தமும் அங்குதான். இதை நாவால் ஓதியபின் எந்தச் சாவியை எடுக்க வேண்டும் என்பதை உள்ளமே சொல்லிவிடும்.

வல்ல நாயன் நம் இளைஞர்களின் உயிர்களையும், அவர்களால் பிறரின் உயிர்களையும் பாதுகாப்பானாக! அவன் தந்த வலுவை அவன் விரும்பும் வழியில் செலுத்தும் நற்பேற்றை நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.